இடக்கையில் வாள் ஏந்திய கல்

ஊத்தங்கரை வட்டாரத்தில் பிறந்தவனும், முத்துவேல் என்பார்க்கு இரண்டாம் மகனும், இவ்வாண்டு ஆவணித் திங்களில் அகவை எழுபத்தொன்பது நிறைந்தவனுமாகிய திருவேங்கடம் என்னும் நான், முழு நினைவோடும் தெளிந்த மனத்தோடும் இக்கதையைச் சொல்லத் தொடங்குகிறேன். பெரியோர்களே, தாய்மார்களே, சிறு பிள்ளைகளே! உங்களில் பலர் வீட்டில் படைக்குப் போனவர் ஒருவர் இருப்பார். போய்த் திரும்பாதவரும் இருப்பார். அவர் படத்துக்கு ஒரு விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்காருங்கள். இது உங்களுக்காகச் சொல்லப்படுவது.

மலைகள் மட்டும் அன்றிருந்தபடியே இன்றும் நிற்க, மற்றவை யாவும் மாறிப்போகும் அளவுக்கு நெடுங்காலத்துக்கு முன்பு, கழுகுப்பாறை நாடு என்றொரு சிறு நாடு இருந்தது. நெடுவேட்டன் என்னும் அரசன் அதை ஆண்டான். அந்நாட்டில் பொன் விளையவில்லை, முத்து விளையவில்லை, கப்பல் வந்து நிற்கக் கடலும் இல்லை. மாடுகள் இருந்தன. மாடே அவர்கள் செல்வம், மாடே அவர்கள் உணவு, மாடே அவர்கள் மானம்.

ஊருக்கு மேற்கே கானாறு ஓடியது. ஆற்றைக் கடந்து மலைமேல் ஏறினால் நரிநடை என்னும் ஒற்றையடி வழி வரும். அவ்வழியின் ஒரு பக்கம் தலைக்கு மேல் கவிந்து நிற்கும் பாறை. மறு பக்கம் அடியில் ஆறு தெரியும் பெரும் பள்ளம். மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அதில் போக முடியும். நரிநடையைத் தாண்டினால் பரந்த புல்வெளி. அதற்கும் அப்பால் பகைவர் நாடு.

அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. நாட்டுக்காக உயிர்விட்டவனுக்குக் கல் நாட்டுவார்கள். அவன் வீட்டாரே மலையில் கல்லைத் தேர்ந்து, ஆற்றில் நீராட்டி, தோளில் சுமந்து வர வேண்டும். நட்ட இடத்திலேயே கல்தச்சர் அதில் உருவம் செதுக்குவார். உளியை எடுக்குமுன் வீட்டாரிடம் மூன்று கேள்விகள் கேட்பார். "கையில் என்ன? எதிரே யார்? பின்னே எதைக் காத்தார்?" வீட்டார் சொல்லும் விடையே கல்லில் உருவமாகும். ஆண்டுதோறும் தைத் திங்களில் நாடே திரண்டு சென்று அக்கல்லுக்கு மாலை சூட்டும்.

கல் பெறாமல் காணாமற்போனவன், ஓடிப்போனவன் என்று கொள்ளப்படுவான். அவன் வீட்டார் அரசன் அவையில் உட்காரக் கூடாது. ஆயுள் முழுதும் நின்றுகொண்டேதான் பேச வேண்டும்.

ஓர் ஆண்டு ஐப்பசி மழையில், புல்வெளியில் மாட்டுக்குக் காவலாக மூவர் இருந்தனர்.

முதலாமவன் சேந்தன். அவன் இடக்கைக்காரன். படைவீரர் கேடயங்களை வரிசையாகக் கோத்து நிற்கும்போது அவன் கேடயம் மட்டும் மறுபுறம் நிற்கும், வரிசை உடையும். படைத்தலைவர் கொற்றன் அவனைப் பார்த்து, "அடே நொட்டாங்கை! உன்னால் என் படை பல் விழுந்த கிழவி வாய் மாதிரி இருக்கிறது. போய் மாட்டைப் பார்" என்று சொல்லி மாட்டுக் காவலுக்குத் தள்ளிவிட்டார்.

இரண்டாமவன் கூத்தன். கொம்பு ஊதுபவன். இடி இடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான் என்று ஊர் முழுதும் அவனைக் கேலி செய்யும்.

மூன்றாமவன் இளங்கொற்றன். படைத்தலைவரின் ஒரே மகன். காவலைப் பார்வையிட்டு வருமாறு தந்தை அன்றுதான் அவனைப் புல்வெளிக்கு அனுப்பியிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் பகைவர் வந்தனர். நரிநடைப் பாறையின் உச்சியிலிருந்து கொம்பின் ஓசை ஊரில் இருந்தவர்களுக்குக் கேட்டது. ஒரு முறை ஊதியது. மறு முறை ஊதியது. மூன்றாம் முறை ஊதும்போது பாதியில் நின்றது.

படை புறப்பட்டு ஓடியது. கானாற்றில் வெள்ளம் கரைபுரண்டு போனது. ஒருவராலும் அக்கரை போக முடியவில்லை. விடிந்து வெள்ளம் வடிந்தபோது அவர்கள் கண்ட காட்சியைக் கேளுங்கள். நாட்டின் மாடுகள் அத்தனையும் ஆற்றைக் கடந்து வந்து இக்கரையில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. நரிநடையில் பகைவர் ஒருவர்மேல் ஒருவராக வெட்டுண்டு கிடந்தனர். மூன்று காவலரில் ஒருவரையும் காணவில்லை. பள்ளத்தில் விழுந்தவரையும் ஆற்றில் இறங்கியவரையும் வெள்ளம் ஒன்றுபோலக் கொண்டுபோய்விட்டது.

மூவரில் ஒருவன் நரிநடையில் தனியே நின்று பகைவரைத் தடுத்திருக்கிறான். அவன் யார்?

அரசன் அவையைக் கூட்டினான். படைத்தலைவர் கொற்றன் எழுந்தார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"இதில் என்ன ஐயம், அரசே? ஒருவன் கொம்பு ஊதும் பயந்தாங்கொள்ளி. ஒருவன் நொட்டாங்கை. வாள் வித்தை அறிந்தவன் என் மகன் ஒருவன்தான். நரிநடையில் நின்றவன் அவனே."

அவர் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை, கேளுங்கள். பிள்ளையை இழந்த தகப்பன் மனம் எதை விரும்பியதோ, அதையே நம்பிற்று. அவையும் தலையசைத்தது.

அப்போது சேந்தனின் மனைவி சாத்தி, தன் கணவனுக்கும் கல் வேண்டும் என்று முன்னே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னே சேந்தனின் தந்தை நாகன் கைகட்டி நின்றார். கல்தச்சர் விடங்கர் வழக்கப்படி கேட்டார்.

"அம்மா, உன் கணவனுக்கும் கல் உண்டென்றால், கையில் என்ன?"

"வாள், ஐயா."

"நல்லது."

"எந்தக் கையில் என்று கேட்கவில்லையே?"

"அதை எதற்குக் கேட்பது? என் பாட்டன் காலத்திலிருந்து கல்லில் வாள் வலக்கையில்தான் இருக்கிறது."

"என் கணவருக்கு இடக்கையில் செதுக்குங்கள்."

அவையில் சிரிப்பு எழுந்தது. தூணோரம் இருந்த ஒருவன், "கல்லுக்குப் படையல் போட்டால் உன் வீட்டுக்காரர் எந்தக் கையால் அள்ளிச் சாப்பிடுவாராம்?" என்று கேட்டான்.

சாத்தி திரும்பிப் பார்த்தாள். "என் வீட்டில் சாப்பிட்ட கை எது, வாள் பிடித்த கை எது என்று எனக்குத் தெரியும், அண்ணே. வெள்ளம் வந்த அன்று நீங்கள் எந்தக் கையால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டீர்கள் என்று அண்ணியைக் கேட்டுவிட்டு வாருங்கள்."

இப்போது சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது.

கொற்றன் கையமர்த்தினார். "சாத்தி, நான் கல்நெஞ்சக்காரன் அல்லன். உன் கணவனுக்கும் ஆற்றங்கரையில் ஒரு கல் தரச் சொல்கிறேன். எல்லாரையும் போல வலக்கையில் வாள். ஓடிப்போனவன் என்ற பேச்சும் வராது. நரிநடையில் நின்றவன் என் மகன் என்று மட்டும் ஒப்புக்கொள்."

நாகன் மருமகளின் காதருகே குனிந்தார். "ஒப்புக்கொள், அம்மா. கல் கிடைத்தால் போதும். கை எதுவானால் என்ன? நான் அவனுக்குச் சிறு பிள்ளையில் கையைத் துணியால் கட்டிக்கூடப் போட்டேன். கேட்டானா? இன்றைக்காவது அந்தக் கை நமக்கு வழி விடட்டும்."

"மாமா, வலக்கையில் வாள் பிடித்து நிற்கும் அந்த ஆள் யாரோ. யாரோ ஒருவருக்கு நான் மாலை போட மாட்டேன்" என்றாள் சாத்தி. பிறகு அரசனை நோக்கினாள். "நரிநடையில் நின்றவர் இன்னார் என்று நான் அறியேன், அரசே. அங்கே இருந்தவர்கள் இறந்துவிட்டார்கள். அறியாத ஒன்றை அறிந்ததாக நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?"

அரசன் சொன்னான்: "தைத் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள் நரிநடையில் கல் நாட்டப்படும். மூன்று வீட்டாரும் அவரவர் கல்லைச் சுமந்து வாருங்கள். அதற்குள் சான்று கிடைத்தால் சொல், பெண்ணே. கிடைக்காவிட்டால் அது இளங்கொற்றன் கல். படைத்தலைவர் தந்த வாய்ப்பை நீ தள்ளிவிட்டாய். ஆகையால் சான்று வரும்வரை உன் கணவன் ஓடிப்போனவனாகவே எண்ணப்படுவான்."

அன்று முதல் நாகன் அவைக்குப் போகும் போதெல்லாம் நின்றார். மூட்டுவலிக்காரர். தூணில் சாயவும் அவருக்கு அனுமதி இல்லை.

மார்கழி பிறந்தது. சாத்தி ஒரு நாள் காலை கையில் ஆவிரம்பூ மாலையோடு நரிநடைக்கு ஏறினாள். சான்று தேடிப் போகவில்லை. கணவன் நின்றிருந்தாலும் நின்றிராவிட்டாலும், யாரோ ஒரு பிள்ளை அங்கே நாட்டுக்காக நின்றான். அவனுக்கு ஒரு மாலை சூட்டலாம் என்றே போனாள்.

வழியின் நடுவே நின்று, பகைவர் வந்த மேற்குத் திசையைப் பார்த்தாள். மாலையைப் பாறையில் உயரே மாட்டலாம் என்று வலக்கையை ஓங்கினாள். விரல் முட்டி பாறையில் இடித்துத் தோல் உரிந்தது. கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி ஓங்கினாள். மறுபடி இடித்தது. மூன்றாம் முறை ஓங்கவில்லை. கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, தலைக்கு மேல் கவிந்திருந்த பாறையை உற்றுப் பார்த்தாள்.

பிறகு மாலையை இடக்கைக்கு மாற்றினாள்.

அந்நாட்டார் பிறந்தது முதல் நரிநடையில் நடந்தவர்கள். ஆயினும் அவர்கள் அங்கே நின்று பார்த்ததெல்லாம் வீடு திரும்பும்போதுதான். வீடு திரும்புகிறவனுக்குப் பாறை இடப்பக்கம். மேற்கே பார்த்து, பகைவனை எதிர்த்து நிற்பவனுக்கு அது வலப்பக்கம். அப்படி வாளோடு நின்றவன் ஒருவனே. அவனும் திரும்பி வந்து சொல்லவில்லை.

தைத் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள் வந்தது. நாடே மலையேறியது. கொற்றன் வீட்டார் கருங்கல் ஒன்றைச் சுமந்து வந்தனர். கூத்தனின் தாய் மருதி, மாடு பார்க்கும் ஏழை, உறவினர் இருவரோடு ஒரு சிறு கல்லைக் கொண்டுவந்தாள். அவளுக்குப் பின்னே, அவள் வளர்க்கும் கன்று ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது. கடைசியில் நாகனும் சாத்தியும் ஒரு கல்லை ஆளுக்கொரு முனையாகத் தாங்கி வந்தனர்.

"ஓடிப்போனவனுக்குக் கல்லா? காலை மட்டும் செதுக்கச் சொல்லுங்கள்!" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

சாத்தி கல்லை இறக்கி வைத்தாள். "அரசே, ஒரே ஒரு வேண்டுகோள். படைத்தலைவர் ஐயாவின் சிறந்த வீரர் ஒருவரை நரிநடையில் நின்று, மேற்கே பார்த்து, வாளை ஓங்கச் சொல்லுங்கள்."

"இதுவும் ஒரு வேண்டுகோளா?" என்றார் கொற்றன். ஆயினும் கண்ணைக் காட்டினார். படையின் முதல் வாள்வீரன் துள்ளிக் குதித்துப் போய் நின்றான். வாளை ஓங்கினான்.

டங்! வாள் பாறையில் மோதியது. தீப்பொறி பறந்தது.

"இவனுக்கு இடம் தெரியவில்லை. விலகு" என்று கொற்றனே போய் நின்றார். காலை அகட்டி, தோளைச் சாய்த்து, வாளை ஓங்கினார்.

டங்! வாள் கையிலிருந்து தெறித்து மண்ணில் விழுந்தது.

அரசன் தன் பல்லக்கிலிருந்து இறங்கினான். "ஓங்க முடியாவிட்டால் குத்தலாமே" என்று சொல்லிக்கொண்டு தானே நரிநடையில் நின்றான். குத்துவதற்குக் கையைப் பின்னிழுத்தான். முழங்கை பாறையில் இடித்தது. அரசனே "அம்மா!" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டார்கள்.

முழங்கையைத் தேய்த்தபடி அரசன் கேட்டான்: "இங்கே கிடந்த பகைவர் உடல்களை அப்புறப்படுத்தியவர் யார்?"

நான்கைந்து வீரர்கள் முன்வந்தனர்.

"அவர்களுக்கு வெட்டு எங்கே விழுந்திருந்தது?"

"தோளில், அரசே."

"எந்தத் தோளில்?"

வீரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தனர். எதிரெதிரே நிற்பதுபோல் இருவர் நின்று பார்த்தனர். பிறகு ஒருவன் மெல்லச் சொன்னான்: "வலத்தோளில், அரசே. எல்லாருக்கும் வலத்தோளில். கேடயம் இல்லாத பக்கம்."

அப்போது, கல்லருகே நின்ற நாகன் முன்னே நடந்தார். கொற்றன் தவறவிட்ட வாளைக் குனிந்து எடுத்தார். இடக்கையால் எடுத்தார்.

"மாமா!" என்றாள் சாத்தி.

"நானும் அந்தக் கைதான், அம்மா" என்றார் அவர். "ஊர் சிரிக்குமே என்று அறுபது ஆண்டு மறைத்தேன். என் பிள்ளை மறைக்கவில்லை."

கிழவர் நரிநடையில் மேற்கு நோக்கி நின்றார். வாளை ஓங்கினார். அது பாறையைத் தொடவில்லை. பள்ளத்தின் மேலே வெறுங்காற்றில் உயர்ந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. மறுபடி ஓங்கினார். மூன்றாம் முறையும் ஓங்கினார். மூன்று முறையும் வாள் தடையின்றி இறங்கியது.

அரசன் உரக்கச் சொன்னான்: "இந்நாட்டு வாள்கள் அனைத்தும் தோற்கும் இடத்தில் ஒரே ஒரு கை வென்றிருக்கிறது. நரிநடையில் நின்றவன் சேந்தன்!"

மலை அதிரும்படி ஆரவாரம் எழுந்தது. சிரித்த வாய்களே வாழ்த்தின. நாகன் வாளைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆனால், கேளுங்கள், ஒருவர் மட்டும் தம் கல்லின்மேல் கையூன்றி நின்றார். படைத்தலைவர் கொற்றன்.

"அப்படியானால் என் மகன்?" என்றார். அந்தக் குரலில் படைத்தலைவர் இல்லை. தகப்பன் மட்டுமே இருந்தார். "என் மகன் எங்கே போனான்? ஓடிவிட்டானா?"

மருதி முன்னே வந்தாள்.

"தலைவரே, நான் அன்றைக்கே உங்கள் வாசலுக்கு வந்தேன். மறந்துவிட்டீர்களா?" அவள் இடுப்பிலிருந்து ஒரு சிவப்புக் கச்சையை எடுத்து விரித்தாள். வீரர் இடையில் இறுக்கிக் கட்டும் துணி. ஓரத்தில் கொற்றன் வீட்டு மயில் நெய்திருந்தது. "வெள்ளம் வடிந்த காலையில் தாய்ப்பசு முதுகில் ஒரு பச்சைக் கன்று கிடந்தது. அன்றுதான் பிறந்த கன்று. விழாமல் இந்தத் துணியால் கட்டியிருந்தது. ஆற்றில் இறங்கி, கன்றைத் தூக்கிக் கட்டி, மாட்டையெல்லாம் தள்ளிவிட்டு, தான் கரையேறாமல் போன பிள்ளை யார் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் காட்டினேன். 'கன்றுக்குட்டி கட்டிய துணி என் மகன் கதைக்கு வேண்டாம், கொண்டு போ' என்றீர்கள். மாடு பார்ப்பவள் சொல்லை அவை ஏற்குமா என்று நானும் இத்தனை நாள் மடியில் முடிந்து வைத்திருந்தேன்."

கொற்றன் தலை கவிழ்ந்தார். "படைத்தலைவன் மகன் மாடு தூக்கிச் செத்தான் என்று நாடு பேசுமே என்று பயந்தேன்."

"பேசட்டுமே" என்றாள் சாத்தி. அவள் மருதியின் பின்னே நின்ற அந்தக் கன்றை அழைத்து வந்து அவர் முன் நிறுத்தினாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கழுத்தில் ஒரு மணி. "ஐயா, என் கணவர் காத்தார் என்று நாங்கள் மாடுகளைக் காட்டுகிறோம். அந்த மாடுகள் ஆற்றில் போயிருந்தால் அவர் நின்றதற்கே பொருள் ஏது? உங்கள் மகன் காத்தது இதோ உங்கள் கையை நக்குகிறது."

உண்மையாகவே அது நக்கியது. கொற்றன் அங்கேயே மண்ணில் அமர்ந்து, கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

சற்று நேரம் கழித்து எழுந்தார். சாத்தியின் முன் வந்து நின்று, அவள் கல்லின் ஒரு முனையைத் தாமே தோளில் ஏற்றினார். "நொட்டாங்கை என்று துரத்தியவன் நான். அவன் கல்லைச் சுமக்கும் முறையும் எனக்குத்தான்" என்றார்.

விடங்கர் உளியை எடுத்தார். முதலில் சாத்தியிடம் கேட்டார். "கையில் என்ன?"

"வாள்."

"எந்தக் கையில், அம்மா?"

"இடக்கையில்."

"எதிரே பகைவர். பின்னே மாடுகள்" என்று மீதியை அவரே சொல்லிக்கொண்டு, கல்லில் இடப்பக்கம் முதல் கோட்டை இழுத்தார்.

அடுத்துக் கொற்றனிடம் வந்தார். "கையில் என்ன?"

"கன்று" என்றார் கொற்றன், நாடே கேட்கும் குரலில். "எதிரே வெள்ளம். பின்னே யாரும் இல்லை. எல்லாரையும் முன்னே அனுப்பிவிட்டான். வாளைச் செதுக்காதீர். கன்றின் நெற்றியில் சுட்டி விட்டுப்போகக் கூடாது."

கடைசியில் மருதியிடம் வந்தார். "உன் மகன் கையில் என்ன, அம்மா?"

"கொம்பு, ஐயா."

"முகத்தை வீர முகமாக வைக்கிறேன்."

"வேண்டாம்" என்றாள் மருதி. "அவன் பயந்தவன்தான். கண்ணை அகலத் திறந்து வையுங்கள். பயந்துகொண்டே ஊதினான், ஓடாமல் ஊதினான். அந்தப் பயத்தில்தான் கொம்பு இவ்வளவு தூரம் கேட்டது. என் பிள்ளை பயப்படாதவன் என்று செதுக்கினால், அன்று அவன் பட்ட பாட்டை யார் அறிவார்?"

விடங்கர் அவளை வணங்கிவிட்டு, கூத்தனின் கண்களை அகலத் திறந்து வைத்தார்.

இவ்வாறு மூன்று கற்கள் நாட்டப்பட்டன. இடக்கையில் வாளோடு ஒன்று நரிநடையில். தோளில் கன்றோடு ஒன்று ஆற்றங்கரையில். அகன்ற கண்ணும் கொம்புமாக ஒன்று பாறையின் உச்சியில். மூன்றுக்கும் நாடு ஒரே நாளில் மாலை சூட்டியது. அன்று முதல் நரிநடைக் காவல் இடக்கைக்காரருக்கே உரியது என்று அரசன் ஆணையிட்டான். அதன்பின் அந்நாட்டுத் தாய்மார் பிள்ளைகளின் இடக்கையைத் துணியால் கட்டுவதை விட்டனர். அந்தக் காவல்வேலை தமக்குக் கிடைக்காதா என்று, வலக்கைக்காரச் சிறுவர் சிலர் இடக்கையால் குச்சி சுழற்றித் தம் காதிலேயே அடித்துக்கொண்டதும் உண்டு.

மறுநாள் அவை கூடியபோது நாகன் வழக்கம்போல் தூணருகே போய் நின்றார். அரசன் எழுந்து வந்து, அவர் கையைப் பிடித்து, படைத்தலைவருக்கும் மருதிக்கும் நடுவே உட்கார வைத்தான். அவன் பிடித்தது அவருடைய இடக்கையை.

இக்கதையின் நீதி யாதெனில், நாட்டுக்காக உயிர் கொடுத்தவரை அவர் இருந்தபடியே நினைத்துப் போற்றுவதுதான் வீட்டாரும் நாட்டாரும் அவருக்குச் செய்யும் முதல் மரியாதை.

இவ்வழக்குத் தீர்ந்த நாள், தைத் திங்கள், வளர்பிறை ஐந்தாம் நாள், உத்திரட்டாதி மீன் கூடிய வியாழக்கிழமை, பொழுது உச்சிக்கு ஏறிய வேளை.